நெளிமுடி: ஈரம் உலரும் நேரத்தின் அறிவியல்

பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில், தலை முழுதாகக் காய்வதற்குள் இரட்டைப் பின்னல் போட்டுவிடுவார்கள். மாலையில் ரிப்பனை அவிழ்த்தால் நேரான முடிகூட நெளிநெளியாக இறங்கும். அடுத்த முறை தலைக்குக் குளித்ததும் அந்த நெளி போய்விடும். அதே வகுப்பில் இன்னொரு பெண்ணுக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. தலைக்குக் குளித்து வந்ததும் அவள் முடி தானாக நெளிந்து நிற்கும். காய்ந்த பிறகு சீப்பை விட்டால் நெளி கலைந்து பொங்கிக்கொள்ளும். ‘பரட்டைத் தலை’ என்ற பெயரும் கிடைக்கும். எண்ணெய் வைத்து, இழுத்து வாரி, இறுக்கிப் பின்னுவதுதான் அதற்கு மருந்து என்று வீட்டில் எல்லாரும் நம்புவார்கள்.

முதல் பெண்ணின் நெளியைத் தண்ணீர் அழிக்கிறது. இரண்டாமவளின் நெளியைத் தண்ணீர் வெளியே கொண்டுவருகிறது. இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். அதைப் புரிந்துகொண்டால் நெளிமுடிப் பராமரிப்பில் பாதி தெரிந்துவிடும்.

நெளி பிறப்பது தோலுக்கு அடியில், மயிர்க்காலில். அங்கே நம் கை எட்டாது. ஆனால் அந்த நெளி ஒழுங்காகத் தெரியுமா, கலைந்து பரட்டையாகுமா என்பது முடி நனைந்து உலரும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிவாகிறது. அங்கே நம் கை தாராளமாக எட்டும். புதிதாகத் தொடங்குபவர் முதலில் கற்க வேண்டியது அந்த நேரத்தைக் கையாளும் விதத்தைத்தான். கடையில் எதை வாங்குவது என்பது அதற்குப் பிறகு.

ஒரு முடிக்குள்

நம் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தடிமனும் பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரோமீட்டருக்குள் அடங்கும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. அவ்வளவு மெல்லிய இழைக்குள் இரண்டு முக்கியமான பகுதிகள் உள்ளன.

வெளியே இருப்பது செதில் படலம். ஓட்டுக்கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சரிவை நோக்கி அடுக்கப்பட்டிருப்பதுபோல, தட்டையான செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கடுக்காக அமைந்திருக்கும். ஆரோக்கியமான முடியின் மேற்பரப்பில் மெல்லிய கொழுப்புப் படலமும் இருக்கிறது. 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் செதிலோடு வேதிப் பிணைப்பால் ஒட்டியிருக்கும். தண்ணீரை ஒட்டவிடாமல் செய்வதும், முடியோடு முடி உரசும்போது வழுக்கிவிடுவதும் அதன் வேலை. வெயில், சாயம், காரத்தன்மையுள்ள ரசாயனம், ஓயாத உரசல் எல்லாம் சேர்ந்து இந்தப் படலத்தைத் தேய்க்கின்றன. நுனிமுடி வேர்முடியைவிடச் சொரசொரப்பாக இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

உள்ளே இருப்பது புறணி. முடியின் வலுவும் வடிவமும் அதில்தான் இருக்கின்றன. அது பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்ட்பரி 1930-களில் ஆட்டுக் கம்பளி இழையில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்தார். இழையை நனைத்து இழுத்தால் அதன் மூலக்கூறு அமைப்பே மாறுவதையும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவதையும் கண்டார். கெரட்டின் மூலக்கூறு திருகுச் சுருளாக அமைந்திருக்கிறது என்ற தெளிவான வடிவத்தை 1951-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் தந்தார்கள். துணித்தொழிலுக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி, உயிரியலின் அடிப்படை வடிவங்களில் ஒன்றைக் காட்டிக்கொடுத்தது.

கெரட்டின் இழைகளை ஒன்றோடொன்று கட்டிவைப்பவை மூன்று வகைப் பிணைப்புகள். கந்தக அணுக்களுக்கு இடையிலான டைசல்ஃபைடு பிணைப்பு மிகவும் உறுதியானது. தண்ணீரோ சாதாரணச் சூடோ அதை அசைக்காது. எதிரெதிர் மின்னூட்டங்களுக்கு இடையிலான உப்புப் பிணைப்பு, முடி இருக்கும் நீரின் அமில காரத் தன்மையைப் பொறுத்தது. மூன்றாவது ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியாகப் பார்த்தால் இது மிக வலுக்குறைந்தது. எண்ணிக்கையில் மிக அதிகம். முடி நனைந்ததும் தண்ணீர் மூலக்கூறுகள் உள்ளே நுழைந்து இந்தப் பிணைப்புகளை விடுவிக்கின்றன. உலர்ந்ததும், அப்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே அவை மீண்டும் கட்டிக்கொள்கின்றன.

பின்னலிட்ட பெண்ணின் நெளிக்குக் காரணம் இதுதான். ஈரத்தில் விடுபட்ட பிணைப்புகள் பின்னலின் வளைவுக்குள்ளேயே மறுபடி கட்டிக்கொண்டன. அடுத்த குளியலில் அவிழ்ந்துவிட்டன. இரண்டாமவளின் முடியில் நெளிவை வைத்திருப்பது புறணியின் அமைப்பும் கந்தகப் பிணைப்புகளும். தண்ணீர் ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டும் விடுவிக்க, முந்தைய நாள் வாரலும் தலையணையும் திணித்த வடிவம் நீங்கி, பிறவி வடிவம் வெளியே வருகிறது.

நெளி எங்கிருந்து வருகிறது?

முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இருந்தால் நேர்முடி, நீள்வட்டமாக இருந்தால் சுருட்டை என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். அதில் ஓரளவு உண்மை இருந்தாலும் அது முழுக்காரணம் இல்லை. சுருட்டை முடி முளைக்கும் மயிர்க்கால் வளைந்திருக்கிறது. அதன் அடிக்குமிழில் ஒரு பக்கத்துச் செல்கள் பெருகி முதிரும் வேகமும் மறுபக்கத்தின் வேகமும் ஒன்றாக இல்லை. இரு பக்கமும் சமமில்லாமல் வளர்ந்து கெட்டிப்படும் இழை, வெளியே வரும்போதே ஒரு பக்கம் சாய்ந்து வளைகிறது. 1953-இல் ஹோரியோ, கொண்டோ என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள், கம்பளி இழையின் புறணி இரண்டு வேறுவகைச் செல்களால் ஆன இரு பாதிகளாக இருப்பதையும், இழையின் நெளிவோடு அந்தப் பிரிவும் சுற்றிச் செல்வதையும் காட்டினார்கள். மனித முடியிலும் சுருள் கூடக்கூட இத்தகைய சமமின்மை தெரிகிறது.

மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு. ஐரோப்பிய வம்சாவளி மக்களிடம் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு, டிரைக்கோஹையலின் என்ற புரதத்துக்கான மரபணுவின் ஒரு மாறுபாட்டை நேர்முடியோடு தொடர்புபடுத்தியது. அந்த ஒரு மாறுபாடு முடிவடிவ வேறுபாட்டில் சுமார் 6 சதவீதத்தை மட்டுமே விளக்கியது. மீதி பல மரபணுக்களிடையே பரவிக் கிடக்கிறது. ஒரே வீட்டில் அக்காவுக்கு நேர்முடியும் தங்கைக்கு நெளிமுடியும் அமைவது அதனால்தான்.

இந்த வடிவத்துக்குப் பயனும் உண்டு. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் டீனா லசிசியும் அவருடைய குழுவினரும், உடல்வெப்பம் கொண்ட பொம்மையின் தலையில் மனித முடியால் ஆன விக்குகளைப் பொருத்தி, செயற்கை வெயிலில் வைத்து அளந்தார்கள். எந்த முடியும் வெயிலின் சூட்டைக் குறைத்தது. மிகச் சுருண்ட முடி எல்லாவற்றையும்விடச் சிறப்பாகத் தலையைக் காத்தது. நம் முன்னோர்களும் நெளிந்த கூந்தலை அழகின் அடையாளமாகவே பார்த்தார்கள். பொருநராற்றுப்படை பாடினியின் அழகைக் கூந்தலில் தொடங்கி வருணிக்கும்போது, ஓடும் நீர் மணலில் விட்டுச்செல்லும் நெளிவரிகளைத்தான் அதற்கு உவமை சொல்கிறது. இப்படிப்பட்ட முடியைப் பரட்டை என்று சொல்லிச் சிறுமிகளைக் கூசவைப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

உங்களுடையது நெளிமுடிதானா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. தலைக்குக் குளித்து, கண்டிஷனர் இட்டு அலசி, ஈரத்தை ஒற்றியெடுத்து, சீப்போ விரலோ படாமல் காய விடுங்கள். காய்ந்த முடி ‘எஸ்’ வடிவில் வளைந்து வளைந்து இறங்கினால் அது நெளிமுடி. வளையமாகச் சுற்றிக்கொண்டால் சுருட்டை. 1990-களில் அமெரிக்கச் சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் பரப்பிய வகைப்பாட்டில் நெளிமுடி இரண்டாம் எண்ணைப் பெறுகிறது: லேசான நெளி 2ஏ, தெளிவான நெளி 2பி, சுருட்டையை நெருங்கும் கனத்த நெளி 2சி. ஒரே தலையில் இரண்டு மூன்று வகைகள் கலந்திருப்பதும் சாதாரணம்.

காற்றின் ஈரம், முடியின் எடை

ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் டி சசூர் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியொன்றைச் செய்து, 1783-இல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்தக் கருவியின் உயிர்நாடி, கொழுப்பு நீக்கிய ஒரு மனித முடி. முழு வறட்சியிலிருந்து முழு ஈரப்பதத்துக்குப் போகும்போது முடி சுமார் 2 சதவீதம் நீளும். அந்தச் சிறு மாற்றத்தைக் கொண்டு அவர் முள்ளை நகர்த்தினார். முடியின் விட்டம் இன்னும் அதிகமாக, 15 சதவீத அளவுக்குப் பருக்கும். தண்ணீரில் ஊறிய முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் நீரை ஏற்கிறது.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காலையில் ஒழுங்காக இருந்த நெளி, வெளியே போய் வந்ததும் பொங்கிக்கொள்வது இந்த ஏற்பினால்தான். காற்றின் ஈரம் ஹைட்ரஜன் பிணைப்புகளை ஆங்காங்கே விடுவிக்கிறது. ஒவ்வொரு முடியும் தன் போக்கில் வளைந்துகொள்கிறது. பக்கத்துப் பக்கத்து முடிகளின் வளைவுகள் ஒன்றோடொன்று பொருந்தி நின்றால்தான் நம் கண்ணுக்கு அது ஒரு கற்றையாக, நெளியாகத் தெரியும். பொருத்தம் கலைந்தால் அதே முடிகள் பரட்டையாகத் தெரிகின்றன. காய்ந்த நெளிமுடியில் சீப்பை விட்டாலும் இதுவே நடக்கிறது: சீப்பின் பற்கள் கற்றையைப் பிரித்து, ஒவ்வொரு முடியையும் பக்கத்து முடியிலிருந்து விலக்கிவிடுகின்றன. ஆகவே நெளிமுடிப் பராமரிப்பின் முழு நோக்கத்தையும் ஒரே வரியில் சொல்லலாம்: கற்றைகளை ஈரத்தில் சேர்த்து, சேர்ந்தபடியே உலரவைத்து, உலர்ந்தபின் கலைக்காமல் இருப்பது.

எடைக்கும் இதில் பங்கு உண்டு. 2014-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யையும் பாரிஸையும் சேர்ந்த மில்லர், லாசரஸ், ஓடோலி, ரைஸ் ஆகியோர் தொங்கும் சுருள்முடியின் வடிவத்தைக் கணக்கிட்டார்கள். இயல்பிலேயே வளைந்த ரப்பர் இழைகளைச் செய்து தொங்கவிட்டுச் சோதித்தார்கள். இழையின் மேல்பகுதி தனக்குக் கீழே உள்ள எடை முழுவதையும் தாங்குவதால் நேராகிவிடுகிறது. நுனியருகே தாங்கும் எடை குறைவு என்பதால் அங்கே சுருள் தங்குகிறது. நீளமான நெளிமுடி உச்சியில் படிந்தும் கீழே நெளிந்தும் இருப்பது ஏன் என்று இது விளக்குகிறது. முடியைக் கொஞ்சம் குறைத்தோ, அடுக்கடுக்காக லேயர் கட் செய்தோ பாரத்தைக் குறைத்தால் உச்சியிலும் நெளி எழும். கனமான எண்ணெயும் வெண்ணெய் போன்ற கெட்டிக் கிரீமும் நெளிமுடிக்கு ஒத்துவராததற்கும் இதுதான் காரணம். மிகச் சுருண்ட முடிக்கு ஏற்ற பொருளை நெளிமுடிக்காரர் பூசினால் நெளி தொய்ந்துவிடும்.

குளியல்

ஷாம்பூவின் வேலை தலைத்தோலில் சேரும் எண்ணெய்ப் பசையையும் வியர்வையையும் தூசியையும் நீக்குவது. ஆகவே அதைத் தலைத்தோலில் விரல் நுனியால் தேயுங்கள். முடியின் நீளத்துக்கு வழிந்து இறங்கும் நுரையே போதும். வேரிலிருந்து வரும் இயற்கை எண்ணெய் நேர்முடியில் இறங்குவதைப்போல வளைந்த முடியில் எளிதில் இறங்காது. அதனால் நெளிமுடியில் வேரருகே பசையும் நுனியில் வறட்சியும் ஒருசேர இருக்கும். வாரம் இரண்டு முறை பலருக்குச் சரியாக வரும். வியர்வை அதிகம் வழியும் கோடையில் கூடுதலாகக் குளிக்க வேண்டியிருந்தால் மென்மையான ஷாம்பூவைத் தேர்ந்தெடுக்கலாம். தலைத்தோல் அரித்தாலோ, பொடுகு தங்கினாலோ, முடி வழக்கத்தைவிடக் கற்றையாகக் கொட்டினாலோ தோல் மருத்துவரைப் பார்ப்பதே வழி. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. நெளிமுடிக்காரர்கள் தினமும் வாருவதில்லை என்பதால் உதிர்ந்த முடியெல்லாம் குளிக்கும் நாளில் மொத்தமாகக் கையில் வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சிகைக்காயில் இருக்கும் சப்போனின்கள் இயற்கையாகவே அழுக்கு நீக்குபவை. அதைப் பயன்படுத்துவதானால் பொடியை நீரில் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடித்து, நீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துகள்கள் நெளிகளுக்குள் மாட்டிக்கொண்டால் எடுப்பதற்குள் முடி உடையும்.

ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த நீரில் கரைந்துள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியில் ஒட்டிக்கொண்டு அதைச் சொரசொரப்பாக்கும். சோப்போடு சேர்ந்தால் கரையாத படிவாகவும் மாறும். ஆகவே உப்புநீர் உள்ள ஊரில் தலைக்குச் சோப்பு வேண்டாம். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிநீரையோ மழைநீரையோ வைத்துக்கொள்ளலாம். ஈ.டி.டி.ஏ. போன்ற உலோகம் பிடிக்கும் சேர்மம் கலந்த ஷாம்பூவை மாதம் ஒருமுறை பயன்படுத்துவதும் உதவும்.

அடுத்தது கண்டிஷனர். இது ஆடம்பரம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நெளிமுடிக்கு ஷாம்பூவைவிட இதுவே அவசியம். முடியின் மேற்பரப்பு நடுநிலை நீரில் எதிர்மின்னூட்டம் கொண்டிருக்கும். செதில் தேய்ந்த இடங்களில் அது இன்னும் அதிகம். கண்டிஷனரில் உள்ள பெகன்ட்ரைமோனியம் போன்ற சேர்மங்களுக்கு நேர்மின்னூட்டம். ஆகவே எங்கே சேதம் அதிகமோ அங்கேயே அவை அதிகமாகப் போய் ஒட்டிக்கொள்கின்றன. தேய்ந்துபோன கொழுப்புப் படலத்தின் வழுக்கும் வேலையை அவை ஏற்கின்றன.

சிக்கு எடுக்க ஏற்ற நேரமும் இதுதான். நேர்முடியைக் காய்ந்தபின் வாரலாம். ஈரமுடி எளிதாக நீண்டு வலுவிழக்கும் என்பதும் உண்மை. ஆனால் நெளிமுடியில் காய்ந்த சிக்கை இழுப்பதால் வரும் சேதம் அதைவிடப் பெரிது. கண்டிஷனரின் வழுக்கலோடு, அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வாருங்கள். வேரிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் ஓரிடத்தில் சேர்ந்து இறுகும்.

எண்ணெய் எப்போது வைப்பது? தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரான சங்கிலி. ஆகவே முடிக்குள் ஊடுருவ முடிகிறது. 2001-இல் பிரின்ஸ்டன் ஆய்வகம் ஒன்றின் விஞ்ஞானிகளும் மும்பை மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து, தேங்காய் எண்ணெய் முடிக்குள் நுழைவதையும் கனிம எண்ணெய் வெளியிலேயே தங்குவதையும் கருவி கொண்டு காட்டினார்கள். 2003-இல் ரெலே, மொஹிலே வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது, தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. மாரிகோ தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். இருந்தாலும் மூலக்கூறு அளவில் சொல்லப்பட்ட விளக்கம் வலுவானது. நெளிமுடிக்கு எண்ணெயை இரவிலோ, குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்போ வையுங்கள். உள்ளே நுழைந்த எண்ணெய், முடி நீரில் அளவுமீறிப் பருப்பதைத் தடுக்கும். மேலே மிஞ்சியது குளியலில் போய்விடும். குளித்து முடித்தபின் எண்ணெய் வைத்தால் அதன் பாரத்தில் நெளி படுத்துவிடும்.

உலரும் நேரம்

கண்டிஷனரை முழுவதும் அலசிவிடாமல், முடி தொட்டால் வழுக்கும் அளவில் மிச்சம் வைத்து நிறுத்துங்கள். தலையைக் குனிந்து முடியை முன்னால் தொங்கவிடுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும்போதே, உள்ளங்கையில் கொஞ்சம் ஜெல் எடுத்து, இரண்டு கைகளுக்கும் இடையே முடியை வைத்து மேலிருந்து கீழாகத் தடவுங்கள். நீரின் மேற்பரப்பு இழுவிசை முடிகளை ஒன்றாக ஒட்டவைத்துக் கற்றையாக்கும்; ஜெல் அந்தக் கற்றையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நுனியைக் கையில் ஏந்தி, வேரை நோக்கி மேலே தூக்கி, மெதுவாகப் பிழிந்து விடுங்கள். முடியின் எடையைக் கை தாங்கும் அந்தச் சில நொடிகளில் நெளி தன் இயல்பான வளைவுக்கு ஒடுங்குகிறது. தலை முழுக்க இப்படியே செய்யுங்கள்.

ஜெல்லை வீட்டிலேயே காய்ச்சலாம். கால் கப் ஆளிவிதையை இரண்டு கப் தண்ணீரில் போட்டு, கிளறியபடி கொதிக்கவிடுங்கள். தண்ணீர் முட்டையின் வெள்ளைக்கரு பதத்துக்கு வந்ததும் இறக்கி, சூடு ஆறுவதற்குள் மெல்லிய துணியில் வடியுங்கள். ஆறவிட்டால் வடியாது. விதையின் தோலில் உள்ள கொழகொழப்பான பலசர்க்கரைகள்தான் உலரும்போது முடியின் மேல் மெல்லிய படலமாகின்றன. பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்காததால், குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கடை ஜெல்லில் இதே வேலையைச் செயற்கைப் பாலிமர்கள் செய்கின்றன. கடலோர ஊர்க்காரர்கள் கிளிசரின் முதன்மையாக உள்ள ஜெல்லைத் தவிர்த்துப் பார்க்கலாம். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்த ஈரம் பரட்டையைக் கூட்டும்.

துண்டைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். தடித்த பூந்துவாலையின் நூல் வளையங்கள் கற்றைகளைப் பிரித்துவிடும். நம் ஊர் ஈரிழைத் துண்டோ, பழைய பருத்திச் சட்டையோ போதும். முடியை ஒற்றியெடுங்கள், துவட்ட வேண்டாம். ஈரத்தலையைத் துண்டால் பட்பட்டென்று தட்டி உதறுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். நெளிமுடிக்கு அது ஒவ்வாது. தட்டும்போது கற்றைகள் சிதறி, சிதறிய நிலையிலேயே பிணைப்புகள் கட்டிக்கொள்கின்றன.

இனி முழுதாகக் காயும்வரை தலையைத் தொடாமல் இருப்பதுதான் வேலை. கை தானாகத் தலைக்குப் போகும்; அதை அடக்குவதுதான் புதியவர்களுக்கு மிகக் கடினமான பாடம். பாதி காய்ந்த முடியைக் கோதினால் அதுவரை சேர்ந்த கற்றைகள் பிரிந்து பரட்டையாகும். நேரமில்லாதவர்கள் ஹேர் டிரையரின் முனையில் டிஃப்யூசர் என்ற அகன்ற கிண்ணத்தை மாட்டிக்கொள்ளலாம். காற்றின் வேகம் பரவிக் குறைவதால் கற்றைகள் பறக்காது. குறைந்த சூட்டில், குறைந்த வேகத்தில், முடியைக் கிண்ணத்தில் ஏந்தி வேர்வரை தூக்கி உலர்த்துங்கள்.

சூட்டுக்கு எல்லை உண்டு. உலர்ந்த முடியில் கெரட்டினின் திருகு அமைப்பு 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் குலைகிறது. ஈரமுடியில் அந்த எல்லை 150 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். ஈரமுடியில் சூடான இரும்பை வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, முடிக்குள் குமிழிகளை உண்டாக்கும். நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும் இந்தச் சேதத்தைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. ஆகவே சூடான இரும்பு ஈரத்தலையில் படவே கூடாது.

முழுதாகக் காய்ந்ததும் முடி மொறுமொறுவென்று விறைத்திருக்கும். பலர் இந்த இடத்தில் ஏமாந்து, ஜெல்லே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த விறைப்புத்தான் கற்றைகளை உலரும்வரை காத்த படலம். இப்போது நுனியை ஏந்தி மேல்நோக்கி மெதுவாகக் கசக்கினால் படலம் நொறுங்கி, மென்மையான நெளி மட்டும் மிஞ்சும்.

இரவில் முடியை உச்சியில் தளர்வாகக் கொண்டையிட்டு, பழைய பட்டுத் துணியோ சாட்டின் துணியோ விரித்த தலையணையில் படுங்கள். பருத்தி உறையைவிட அங்கே உரசல் குறைவு. காலையில் நெளி கலைந்த இடத்தில் மட்டும் கையை நனைத்துத் தடவி, ஏந்திப் பிழிந்து காயவிட்டால் அங்கே பிணைப்புகள் புதிதாகக் கட்டிக்கொள்ளும். முழுத்தலையையும் மறுபடி நனைக்க வேண்டியதில்லை.

நிரந்தர மாற்றம் தேடுவோருக்கு

1870-களில் பாரிஸில் மார்செல் கிராத்தோ சூடான இடுக்கியால் நெளி உண்டாக்கிப் புகழ்பெற்றார். அது அடுத்த குளியல் வரைக்கும்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் தொழில் செய்த ஜெர்மானியர் கார்ல் நெஸ்லர், காரக் கரைசலும் சூடான பித்தளை உருளைகளும் கொண்டு குளித்தாலும் கலையாத நெளியை உருவாக்கினார். பிறகு தயோகிளைகாலேட் சேர்மங்கள் வந்து, சூடில்லாமலே அந்த வேலையை முடித்தன. இவை கந்தகப் பிணைப்புகளை உடைக்கும். முடியைப் புதிய வடிவில் வைத்து ஹைட்ரஜன் பெராக்சைடு இட்டால் பிணைப்புகள் மறுபடி கட்டிக்கொள்ளும். நேராக்கும் சிகிச்சைகள் பலவும் இதே வேதியியலைத்தான் எதிர்த்திசையில் பயன்படுத்துகின்றன. உடைந்த பிணைப்புகள் எல்லாமே மீண்டும் சேர்வதில்லை என்பதால் ஒவ்வொரு முறையும் முடி வலுவிழக்கும். சில ‘கெரட்டின்’ சிகிச்சைகளில் சூடுபட்டதும் ஃபார்மால்டிஹைடு வெளிவரும். அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்தியது. அத்தகைய சிகிச்சைக்கு முன் புட்டியில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கிப் படிப்பது உங்கள் உரிமை. இவ்வளவு செய்த பிறகும் வேரிலிருந்து வரும் புதிய முடி பழைய நெளியோடுதான் வரும், ஏனென்றால் மயிர்க்கால் மாறவில்லை.

உங்கள் தலையில் ஓர் ஆய்வு

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. தோளைத் தாண்டும், மொத்தம் 36 சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனி மூன்று வயதானது. மூன்று கோடைகளின் வெயிலையும் எண்ணற்ற வாரல்களையும் தாங்கியது. வெளியே வந்த முடியில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. வெடித்த நுனியை எந்தக் களிம்பும் ஒட்டவைத்துக் குணமாக்காது; வெட்டத்தான் வேண்டும். ஆகவே முதல் மாதத்திலேயே விளம்பரப் படத்தில் பார்த்ததைப் போன்ற கூந்தலை எதிர்பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். உலர்த்தும் முறையை மாற்றினால் பலன் முதல் குளியலிலேயே தெரியும். கண்டிஷனரின் பலன் சில வாரங்களில் தெரியும். சேதமில்லாத முடி நீளமாக வளர ஆண்டுகள் ஆகும்.

அதுவரை ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். முதலில் ஷாம்பூ, கண்டிஷனர், அகலப் பல் சீப்பு, ஈரிழைத் துண்டு ஆகியவற்றோடு மட்டும் தொடங்கி மூன்று நான்கு குளியல் பாருங்கள். பிறகு ஜெல்லைச் சேருங்கள். அடுத்து அதன் அளவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். அன்றைய வானிலை, எந்த நீர், காய எவ்வளவு நேரம், மாலையில் நெளி எப்படி இருந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஐந்து பொருள்களை ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியவே தெரியாது. உங்கள் முடியின் தடிமன், அடர்த்தி, நெளிவு, ஊரின் நீர், காற்றின் ஈரம் எல்லாம் ஒருங்கே அமைந்த தலை உங்களுடையது மட்டும்தான்; அதற்குப் பொருந்தும் முறையை வேறொருவர் சொல்லிவிட முடியாது. ஆனால் பொறுமையாகக் கவனித்து எழுதினால் சில மாதங்களில் அதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். இழுத்து வாரி மறைக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணும் பையனும் ஒருமுறையாவது இந்த ஆய்வைச் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயத்தை எழுதினேன்.